மேட்டு வார்டுக்குப் போன வெந்நீர்

இது நடந்தது ஆடி பிறந்த பிறகா, அதற்கு முந்தைய வாரத்திலா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மழை பெய்தது என்பது நிச்சயம். ஆனால் அந்த மாதங்களில் ஊட்டியில் மழை பெய்தது என்று சொல்வது எந்த நாளையும் அடையாளம் காட்டாது. நெல்சனைக் கேட்டபோது அன்று காலை மூட்டத்தில் எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியவில்லை என்றார். தபித்தாளைக் கேட்டால், "மூட்டமெல்லாம் இல்லீங்க, வெறும் தூறல்தான். அவருக்குத்தான் கண்ணு தெரியல" என்பாள். வேன் ஓட்டிய ஜாபேஸுக்கு வைப்பர் வேலை செய்யாதது ஒன்றுதான் நினைவிருக்கிறது. இவர்கள் சொன்னதையெல்லாம் ஒட்டவைத்துச் சொல்லும்போது எங்கோ ஒரு பிசகு விழுந்திருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். வெந்நீர் விஷயத்தில் மட்டும் யாருக்கும் மறுபேச்சு இல்லை.

நெல்சன் பெரியாஸ்பத்திரியில் பாய்லர்க்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊட்டியில் காந்தல் பக்கம் தகரக்கூரை போட்ட வீடு. மகள் ஃபெபி கல்யாணம் கட்டிக்கொடுத்த இடத்தில், கோயம்புத்தூரில் இருந்தாள். வீட்டில் அவரும் தபித்தாளும்தான். அவள் அதே ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயா. அவருக்கு அடுத்த வருடம் ஓய்வு பெற்றாள்.

பெரியாஸ்பத்திரி என்றால் அந்த நாளில் மலை முழுவதற்கும் அது ஒன்றுதான். வெள்ளைக்காரர்கள் தங்கள் நோவுக்காகக் கட்டிய சின்னக் கட்டடம், அவர்கள் போன பிறகு நாலாபுறமும் கை கால் முளைத்துப் பெரிதானது. குதிரை கட்டிய கொட்டகை எக்ஸ்ரே ரூமாயிற்று. வார்டுதோறும் கணப்பு இருந்தது. பிற்பாடு அதையெல்லாம் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். தேவர்சோலைப் பக்கத்திலிருந்து மலையாளம் கலந்து பேசுகிறவர்கள் வருவார்கள். வெள்ளைப் போர்வை போர்த்திய படகர்கள் வருவார்கள். சிலோனிலிருந்து திரும்பி வந்த எஸ்டேட்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாருக்கும் காலையில் ரொட்டியும் பாலும் உண்டு. எல்லாருக்கும் வெந்நீர் உண்டு.

அந்த வெந்நீர்தான் நெல்சன்.

பாய்லர்வீடு ஆஸ்பத்திரியின் அடிவாரத்தில், பின் கேட்டை ஒட்டி இருந்தது. சீகை விறகு. ஈரச் சீகை புகையும், காய்ந்த சீகை சீறும். விடிவதற்கு முன்னால் சாம்பலை வழித்து, விறகை அடுக்கித் தீ மூட்டினால், பொழுது வெளுக்கிறபோது தண்ணீர் தளதளக்கத் தொடங்கும். அங்கிருந்து சாக்கும் கயிறும் சுற்றிய இரும்புக் குழாய் மலைச்சரிவில் ஏறும். ஆண்கள் வார்டு, பெண்கள் வார்டு, ஆபரேசன் தியேட்டர், கடைசியாக மேட்டின் உச்சியில் பிரசவ வார்டு.

பாய்லர்வீட்டுக்கு அடுத்து ஓர் அறை. சுவர் நெடுக வெந்நீர்க் குழாய் மடிந்து மடிந்து ஓடும். மேலே மரக்கொம்புகள். மழைக்காலத்தில் ஊட்டியில் எதுவும் காயாது என்பதால் வார்டுப் படுக்கைவிரிப்புகளைக் காயவைப்பதற்காக ஏற்பட்டது அது. சூட்டு ரூம் என்பார்கள். விரிப்புக்கு நடுவே ஸ்டாஃப் வீட்டுப் பிள்ளைகளின் யூனிபாரம் தொங்கும். நர்ஸுகளின் ஸ்வெட்டர் தொங்கும். கிறிஸ்துமஸ் நெருங்கினால் பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகள் வரிசையாகத் தொங்கும். சூப்பிரண்டு டாக்டர் அந்தப் பக்கம் வந்தால் இருமிக்கொண்டே வருவார், எதையும் பார்க்க வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காக. தபித்தாள் துணிவண்டியைத் தள்ளிக்கொண்டு முதன்முதலாக அந்த அறைக்குள் வந்தபோது அவள் உதடு குளிரில் நீலம் பாரித்திருந்தது என்பதும், நெல்சன் ஒரு முக்காலியைக் குழாய் ஓரமாக நகர்த்திப் போட்டார் என்பதும் அவர்கள் கல்யாணக் கதையின் தொடக்கம்.

கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் ஒரு பேச்சு மாறவில்லை. வேலை முடிந்து பின் கேட்டில் சந்திக்கும்போது அவர் கேட்பார்: "மேல எப்பிடி, கொதிக்குதா?"

"கொதிக்குதுங்க" என்பாள் அவள்.

இதில் நெல்சனுக்கு ஒரு பெருமை இருந்தது. பேச்சு அதிகம் இல்லாத மனிதர். வீட்டில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு முழுச் சாயங்காலத்தைக் கழித்துவிடுவார்கள். ஆனால் பஸ்ஸில், மார்க்கெட்டில், எங்கே சின்ன வயசுக்காரர்களைப் பார்த்தாலும் கேட்டுவிடுவார்: "கண்ணு, நீ எங்க பொறந்தே? பெரியாஸ்பத்திரியா? அப்ப நீ மொதமொதல்ல குளிச்சது என்ற தண்ணி, நாங் காய்ச்சுனது." பக்கத்து வீட்டு ஜாபேஸிடம் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

"மாமா, அதுக்குக் கூலி கீது எதாச்சும் பாக்கி இருந்தாச் சொல்லுங்க, குடுத்துப்போட்டு நிம்மதியா இருக்கறேன்" என்பான் ஜாபேஸ்.

பிறகு பாய்லரை நிறுத்தினார்கள். நெல்சன் ஓய்வு பெற்றார். ஊருக்கு வெளியே, கூடலூர் ரோட்டுப் பக்கம் புது ஆஸ்பத்திரி எழும்பியது. மாடி மாடியாக, லிஃப்ட் வைத்து. திறப்பு விழாவுக்குப் பழைய ஸ்டாஃபையெல்லாம் கூப்பிட்டார்கள். தபித்தாள் புதுச் சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள். நெல்சன் போகவில்லை. முழங்கால் வலி என்றார். ஒவ்வொரு வார்டாக அங்கே மாறிக்கொண்டிருந்தது. யாராவது விசாரித்தால், "பாதி போயிருக்குது, பாதி இங்கதான்" என்று சொல்லிவிடுவார். அவர் அப்படிச் சொல்லத் தொடங்கிய நாளில் அது உண்மையாகவும் இருந்தது.

அன்று காலை தபித்தாள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். முறத்தில் பாதி உரித்தது, மடியில் மீதி. நெல்சன் வர்க்கி ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். அவள் கை நின்றதை அவர் முதலில் கவனிக்கவில்லை.

"ஏனுங்க."

"ம்."

"நெஞ்சுல என்னமோ கல்லத் தூக்கி வெச்சாப்பல இருக்குதுங்க."

"வாயுவா இருக்கும். சுக்குத்தண்ணி போடட்டா?"

அந்தக் குளிரில் அவள் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அதைப் பார்த்ததும் நெல்சன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினார். "டேய் ஜாபேஸு! வண்டிய எட்றா!"

மாருதி வேன். டூரிஸ்டுகளைப் பைக்காராவுக்கு ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. பின் சீட்டில் தபித்தாளைச் சாய்த்து, கம்பளியைப் போர்த்தி, நெல்சன் பக்கத்தில் உட்கார்ந்தார். பிங்கர்போஸ்ட் முக்கு வந்தது. புது ஆஸ்பத்திரிக்குக் கூடலூர் ரோடு. பழையதற்கு நேர் எதிராக டவுனுக்குள் போக வேண்டும். ஜாபேஸ் கூடலூர் பக்கம் ஒடித்தான்.

"அக்கட்ட எங்கடா போறே?"

"புது ஆஸ்பத்திரிக்குங்க மாமா."

"திருப்பு. டவுனுக்குப் போ."

"அங்க ஒண்ணும் இல்லைன்னு சொல்றாங்களே மாமா?"

"எவன் சொன்னான்? பாதி இருக்குது. பின் கேட்டுல போனா சீட்டு எடுக்க வேண்டாம், வரிசை நிக்க வேண்டாம். எந்த சிஸ்டரானாலும் என்ற மூஞ்சியப் பாத்தா நேரா உள்ள கூட்டிட்டுப் போவாங்க. அங்க போயி ஆயரம் பேத்துக்குப் பின்னால நிக்கறதா?"

அதுதான் அவர்கள் வழக்கம். ஆஸ்பத்திரி ஸ்டாஃப் வீட்டில் யாருக்கு மேலுக்கு முடியாமல் போனாலும் முன் கேட்டுக்குப் போகமாட்டார்கள். பின் கேட்டு, பாய்லர்வீடு, சூட்டு ரூம். அங்கே உட்காரவைத்துவிட்டு ஒருவர் மேலே ஓடினால் போதும், நர்ஸ் தேடி வந்துவிடுவாள். ஃபெபிக்குக் கக்குவான் வந்தபோதும், நெல்சனின் தகப்பனார் விழுந்தபோதும் அப்படித்தான். காலும் மனசும் அந்த வழிக்குப் பழகியவை.

தபித்தாள் கண்ணை மூடிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். நெல்சன் அதை ஜெபம் என்று எடுத்துக்கொண்டார். "புதுசுக்கே போலாமுங்க" என்று தான் சொன்னதாக அவள் இப்போது சொல்கிறாள்.

பின் கேட்டுக்கு வண்டி போகாது. குறுகலான சந்தில் இறங்க வேண்டும், படி. வேனைத் தெருவில் நிறுத்திவிட்டு இரண்டு பேரும் அவளைத் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். பாசி பிடித்த படி. தண்ணீர் படிப்படியாக ஓடியது. ஒவ்வொரு படியிலும் தபித்தாள் நின்று மூச்சு வாங்கினாள்.

கேட்டு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே சூட்டு ரூமின் வாசலில் ஒரு ஆள் சாக்கைப் போர்த்திக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் ஒச்சப்பன். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், இந்த மலைக்கு வந்து முடி நரைத்துப்போனவர்.

"யாரு, நெல்சண்ணனா? என்னண்ணே இந்த மழையில?"

"ஒச்சப்பா, மேல எந்த சிஸ்டர் இருக்காங்க? ஓடிப்போய்ச் சொல்லு, நெல்சன் ஊட்டுக்காரிக்கு நெஞ்சு வலின்னு."

ஒச்சப்பன் பீடியைக் கீழே போட்டார். "அண்ணே, மேல யாருமில்லண்ணே. போன வாரத்தோட கடேசி வார்டும் போயிருச்சு. கட்டிலக் கூட ஏத்திட்டாய்ங்கெ. இங்க நானும் ரெண்டு நாயும்தேன்."

நெல்சன் மேட்டைப் பார்த்தார். கண்ணாடி வராந்தாக்கள் வரிசையாக நின்றன. எந்தச் சன்னலிலும் விளக்கு இல்லை. அவர் அறிந்த நாளிலிருந்து பகலோ ராத்திரியோ ஒரு விளக்காவது எரியாத நேரமே அந்தக் கட்டடத்துக்குக் கிடையாது.

"வாயப் பாத்துட்டு நிக்காதீக! தங்கச்சிய உள்ள உக்காத்துங்க மொதல்ல!" என்று ஒச்சப்பன் அதட்டினார். சூட்டு ரூமுக்குள் அவளை உட்காரவைத்தார்கள். மரக்கொம்புகள் அப்படியே இருந்தன. குழாயில் துரு செதில் செதிலாக உரிந்திருந்தது. அந்தச் சந்துப் படியில் அவளைத் திரும்ப ஏற்ற முடியாது. துணிவண்டி போகிற சரிவுப் பாதை வழியாக முன் கேட்டுக்குப் போய்விடலாம், ஆனால் முன் கேட்டுப் பூட்டின் சாவி ஆபீஸ் ரூமில் இருந்தது. ஒச்சப்பன் சாவிக்கு ஓடினார். ஜாபேஸ் வேனை முன்பக்கம் கொண்டுவர ஓடினான்.

நெல்சன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். குழாயில் கையை வைத்தார். ஐஸ் மாதிரி இருந்தது. கையை எடுக்காமல் வைத்திருந்தார்.

"இது மட்டும் எரிஞ்சிட்டிருந்தா..." என்றார்.

தபித்தாள் கண்ணைத் திறந்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லிப்போடறேன். கோவிச்சுக்காதீங்க."

"பேசாத இரு அம்மிணி."

"இல்லீங்க. பொறவு நேரம் இருக்குமோ என்னமோ. உங்க வெந்நி மேட்டு வார்டுக்கு வந்ததே இல்லீங்க."

அவளுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நெல்சன் நினைத்தார்.

"குழாய்ல தண்ணி வரும். வந்து சேர்றதுக்குள்ள பச்சத்தண்ணி. பொறந்த கொழந்தைய அதுல காட்டுனா வெறச்சுப்போயிரும். இசக்கியம்மா இருந்தாங்களே, எனக்கு வேலை சொல்லிக்குடுத்தவங்க, அவங்களும் நானும் வார்டுக்குப் பின்னால சீமெண்ணெ ஸ்டவ் வெச்சிருந்தோம். விரிப்புப் பெட்டிக்கு அந்தால. அதுல காய்ச்சித்தான் அத்தன கொழந்தைக்கும் தண்ணி வாத்தோம்."

"தெனமும் கேப்பனே?"

"கேப்பீங்க."

"கொதிக்குதுன்னு சொல்லுவியே?"

"ஸ்டவ்வுல கொதிச்சுதுங்களே."

இந்த நிலைமையிலும் அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. நெல்சன் சிரிக்கவில்லை.

"ஏன் சொல்லல?"

"வந்த புதுசுல ஒருக்கா சொன்னனுங்க. ஞாபகம் இல்லியா? அன்னைக்கு நீங்க ராத்திரி பூராம் வெறகு போட்டீங்க. ஈர வெறகு. பொகையில நெஞ்சு அடச்சு ஒரு வாரம் படுத்துக் கெடந்தீங்க. அந்த இருமல்தான் இன்னைக்கும் உங்கள விடல. அப்பவும் மேல தண்ணி சுடவே இல்ல. மேடு அப்பிடி. அப்பத்தான் இசக்கியம்மா சொன்னாங்க, 'ஏட்டி, அந்தப் பய செத்துருவான், இனி கொதிக்குன்னு சொல்லிரு'ன்னு."

நெல்சன் குழாயிலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கையில் துரு ஒட்டியிருந்தது.

பிறகு அவள்தான் அவர் கையைப் பிடித்தாள். "இந்த எடம் உங்களுக்குச் சூடுங்க. எனக்கு மேட்டு வார்டுல இருந்தது பனிதான். என்னைய வெசையா புதுசுக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் இங்க சாகக் கூடாதுங்க. நான் பொழைக்கோணும்."

நெல்சன் எழுந்தார். மூலையில் துணிவண்டி கிடந்தது. ஒரு சக்கரம் கோணியிருந்ததால் அதை விட்டுப் போயிருந்தார்கள். இழுத்துப் பார்த்தார். கிறீச்சிட்டுக்கொண்டு நகர்ந்தது. ஒச்சப்பன் சாவியோடு வந்ததும் இரண்டு பேருமாக அவளைத் தூக்கி அதில் உட்காரவைத்து, கம்பளிக்கு மேல் சாக்கையும் போட்டு மூடினார்கள்.

"அழுக்கு மூட்டையாட்டம் ஆயிட்டேன்" என்றாள் தபித்தாள்.

"வாய மூடு."

சரிவில் தள்ளினார்கள். கோணல் சக்கரம் இடது பக்கமே இழுத்தது. நெல்சன் இடுப்பைக் கொடுத்து அதை நேராக்கிக்கொண்டே ஏறினார். ஆண்கள் வார்டு போயிற்று. பெண்கள் வார்டு போயிற்று. அவருக்கு மூச்சு விசிலடித்தது. பிரசவ வார்டின் படிக்கட்டைக் கடந்தபோது அவர் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

முன் கேட்டில் ஜாபேஸ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். அவளை ஏற்றியதும் நெல்சன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "புதுசுக்குப் போ, சாமி."

புது ஆஸ்பத்திரியில் அவளை ஒரு நிமிடம்கூட வரிசையில் நிறுத்தவில்லை. படுக்கவைத்து, நெஞ்சில் ஒயர் ஒட்டி, ஊசி போட்டு, ஒரு கதவுக்கு அப்பால் தள்ளிக்கொண்டு போனார்கள். நெல்சன் பளபளக்கும் தரையில் ஈரச் செருப்போடு நின்றார். சுவரில் எங்கேயும் குழாய் தெரியவில்லை. எல்லாவற்றையும் சுவருக்குள் பதித்திருந்தார்கள்.

ராஜப்ரியா என்று பெயர் குத்தியிருந்த இளம் நர்ஸ் வெளியே வந்தாள். "வலி எப்ப வந்துச்சுங்க அப்பா? இவ்வளவு லேட்டா கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"காலையிலயே வந்துருச்சு. நாந்தான்... பழைய எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்."

"உங்களாட்டம் தெனமும் ஆராச்சும் அங்க போயிட்டுத்தான் வர்றாங்க" என்றாள் அவள். திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். அவள் திட்டவில்லை. "ரத்தக்குழாய்ல அடைப்பு. மருந்து போய்ட்டிருக்குது. பொழுதோட டாக்டர் சொல்லுவாங்க. இப்பிடி உக்காருங்க."

சாயங்காலம் வரைக்கும் அதே நாற்காலி. ஜாபேஸ் வாங்கி வந்த டீ ஆறிப் படலம் கட்டியது. இருட்டுகிற நேரத்தில் ராஜப்ரியா மறுபடி வந்து, "கண்ணு முழிச்சிட்டாங்க, மூச்சு கரெக்டா இருக்குது, இனி பயப்படாதீங்க" என்றாள். நெல்சன் எழுந்தார். வாய்க்குப் பழகியது வந்தது.

"கண்ணு, நீ எங்க பொறந்தே?"

"நானுங்களா? பெரியாஸ்பத்திரியிலதான். ஏனுங்க?"

பின்னால் நின்ற ஜாபேஸ், அடுத்து என்ன வரும் என்று தெரிந்து, மேலே கூரையைப் பார்த்தான்.

நெல்சன் வாயைத் திறந்தார். அவளைத் தள்ளிக்கொண்டு போன கதவைப் பார்த்தார்.

"அப்ப உன்னைய மொதமொதல்ல குளிப்பாட்டுனது உள்ள படுத்திருக்கறாளே, அவதான்" என்றார். "ஸ்டவ்வுல தண்ணி காய்ச்சி."

தபித்தாளை வார்டுக்கு மாற்றியபோது அவளுக்குக் கடைசிக் கட்டில் கிடைத்தது. வெந்நீர்க் குழாய் வார்டுக்குள்ளேயே இருந்தது. விடிகாலையில் எல்லாரும் தண்ணீர் பிடித்துக்கொண்ட பிறகு நெல்சன் போய்த் திருகினார். விரலை நீட்டிப் பார்த்தார். வெதுவெதுப்புதான். குழாயை மூடிவிட்டு, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, லிஃப்டில் ஏறப் பயந்து படி வழியாக இறங்கி, கேட்டுக்கு எதிரே டீக்கடையில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வாங்கிக்கொண்டு, நின்று நின்று மூச்சு வாங்கி மேலே வந்தார். துண்டை நனைத்துப் பிழிந்து அவள் முகத்தையும் கையையும் துடைத்தார்.

இந்தத் தடவை கேட்டது அவள்.

"கொதிக்குதா?"

"கொதிக்குது. குழாய்லதான் புடிச்சேன்."

துண்டில் டீத்தூள் வாசம் அடித்தது. தபித்தாள் அதை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, "நல்லாக் கொதிக்குதுங்க" என்றாள்.

நெல்சன் அடுத்த வருடம் உறைபனி விழுகிற மாதத்தில் நெஞ்சுச் சளி முற்றி இறந்தார், அதே புது ஆஸ்பத்திரியில். ஜாபேஸ் அவரைப் பிங்கர்போஸ்டில் நேராகக் கூடலூர் ரோட்டில் கொண்டுபோனான். அவரும் வேறு வழி சொல்லவில்லை. இசக்கியம்மா இந்தக் கதைக்கு வெகு முன்பே தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊரில் கண்ணை மூடிவிட்டாள். ஒச்சப்பன் வேலையை விட்டு உசிலம்பட்டிக்குப் போய் ஆடு வளர்க்கிறார். ராஜப்ரியா மாற்றலாகிக் குன்னூர் போனாள். சூட்டு ரூமின் குழாய்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். மரக்கொம்புகள் இன்னும் இருக்கின்றன. தபித்தாள் கோயம்புத்தூரில் ஃபெபி வீட்டில் இருக்கிறாள். மாத்திரை சாப்பிடுகிறாள், நடக்கிறாள். அந்த வெயிலிலும் அவளுக்குக் குளிக்க வெந்நீர்தான் வேண்டும். கீசர் இருக்கிறது, அவள் அடுப்பில் வைத்துத்தான் காய்ச்சுகிறாள்.